கந்தரப்பத் தூரம்

மெட்ராஸ் விமான நிலையத்துக்கும் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? நான்கு வயதாகும் என் மகள் ஒரு வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வருகிற சித்திரையில் இங்கே கோலாலம்பூரிலிருந்து காரைக்குடிக்குப் போகப்போகிறோம் என்று அவளிடம் சொன்னதிலிருந்து ஆரம்பித்தது. ஆயிரத்து அறுநூறு மைல் சொச்சம் என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். டிக்கெட் ஆபீஸில் விசாரித்தபோது நாலு மணி நேரம் என்றார்கள். இரண்டும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறாள். எனக்குத்தான் பதில் வரமாட்டேன் என்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள் நான். ஒரு குழந்தையின் கேள்விக்கு முன்னால் இப்படி முழித்துக்கொண்டு நிற்பது கூச்சமாக இருக்கிறது.

காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டு அயித்தை இதற்கு யோசிக்கவே மாட்டார். "கந்தரப்பத் தூரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அயித்தை என்றால் சொந்த அயித்தை இல்லை. தெருவில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒல்லியான உடம்பு, இழுத்துச் செருகிய முந்தானை, கையில் எப்போதும் லேசாக ஏலக்காய் வாசனை. எதையும் கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. வெல்ல அச்சு, கடையில் வாங்கிய தலையணை, பிறந்த குழந்தையின் கன்னம், எல்லாவற்றுக்கும் அந்த விரல்தான். அழுத்திவிட்டு, அது எழும்பி வருகிறதா என்று ஒரு கணம் பார்ப்பார். வந்தால் தலையாட்டுவார்.

அவருக்கு மைலும் மணியும் தெரியாமல் இல்லை. ஆனால் அவற்றை வைத்து அவர் தூரம் சொல்லி நான் கேட்டதில்லை. ஓர் ஊருக்குப் போய்ச் சேரும்வரை எந்தப் பண்டம் கெடாமல் இருக்குமோ, அதுதான் அந்த ஊரின் தூரம். சாக்கோட்டை காப்பித் தூரம். தூக்கில் ஊற்றிக்கொண்டு போனால் சூடு ஆறாது. திருக்கோஷ்டியூர் இட்லித் தூரம். சிங்கம்புணரி தயிர்ச்சோத்துத் தூரம். மெட்ராஸ் புளிச்சோத்துத் தூரம். தெருவில் யாராவது பயணம் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், புறப்படுகிற நேரத்துக்கு வாழையிலைப் பொட்டலம் வந்து நிற்கும். மதுரையில் பயிற்சிப் பள்ளி விடுதிக்கு நான் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு தடவைகூட அந்தப் பொட்டலம் ஊசிப்போனதில்லை. ஒரே ஒரு முறை, பஸ் வழியில் நின்றுபோய் இருட்டியபிறகு போய்ச் சேர்ந்தபோது, பணியாரம் புளித்துவிட்டது. அதைச் சொன்னதற்கு, "மதுரை அன்னைக்குத் தள்ளிப் போயிருச்சுத்தா" என்றார்.

என் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். நேரம்தான் அவருக்குச் சோறு போட்டது. அதனால் இந்தச் சோற்றுக் கணக்கை அவரால் சும்மா விடமுடியாது. வேலை முடிந்து வரும்போது அயித்தை வாசலில் நின்றால் வம்பு இழுப்பார்.

"அக்கா, டெல்லி என்ன தூரம்?"

"டெல்லிக்கு யாரு போறா?"

"யாரும் போகலை. சும்மா கேக்குறேன்."

"போற ஆளில்லாத ஊருக்குத் தூரம் ஏதுப்பா? ஆளைச் சொல்லு. அப்புறம் தூரம் சொல்றேன்."

"நீங்க சொல்றதை எங்க முதலாளி கேட்டா பஸ்ஸுல போர்டையெல்லாம் மாத்திருவாரு. சிங்கம்புணரின்னு எழுதுற இடத்துல தயிர்ச்சோறுன்னு எழுதணும்."

"எழுதேன். எழுத்துத் தெரியாதவுகளும் வாசனை பிடிச்சு ஏறிக்கிருவாக."

அயித்தைக்கு எல்லாத் தூரமும் விளையாட்டு இல்லை. ஒரு தூரம் மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. தாயில்லாத தம்பி ஒருவரை அவர் தன் பிள்ளை போல வளர்த்தார். அந்தத் தம்பி சின்ன வயதிலேயே கப்பலேறி மலேயாவுக்கு வந்து, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக மளிகைக் கடை வைத்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு முறை ஊருக்கு வந்தார். கல்யாணம் முடித்து மனைவியையும் அழைத்துக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் வரவில்லை. வருகிறேன் என்பார், கடையை யார் பார்ப்பது என்பார். ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் அவர் சொல்லியனுப்பிக் கேட்பது ஒன்றுதான்: அக்கா சுட்ட கந்தரப்பம்.

கந்தரப்பத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து அரைத்து, எண்ணெயில் ஊற்றி எடுப்பது. வெளியே சிவந்து, உள்ளே மெத்தென்று இருக்கும். தேங்காய் இருப்பதால் இரண்டாம் நாளே நூல் விட ஆரம்பித்துவிடும். கப்பலோ ஒரு வாரம் போகும். அயித்தை ஒவ்வொரு முறையும் சீப்புச்சீடையும் மனகோலமும் டின்னில் அடைத்துக் கொடுப்பார். இரண்டும் எண்ணெயில் பொரித்த, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பண்டங்கள். "கப்பல் சீடைத் தூரம்தான். அவன் கந்தரப்பத்துக்கு ஆசைப்பட்டா நான் என்ன செய்ய?" என்று டின் மூடியை அடித்து இறுக்குவார். அந்த அடியில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

அறுபத்தாறு வாக்கில் என்று நினைக்கிறேன், கிள்ளானிலிருந்து தம்பியின் சிநேகிதர் ஒருவர் விமானத்தில் வந்திருந்தார். தம்பி கொடுத்தனுப்பிய புடவையை அயித்தையிடம் கொடுக்க எங்கள் தெருவுக்கு வந்தார். அயித்தை புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏரோப்பிளேன்ல எவ்வளவு நேரமாச்சு?"

"போன தடவை இங்கேயிருந்து போகும்போது காலையில பதினொரு மணிக்கு ஏறினேன், சாயந்திரம் அஞ்சு மணிக்கு அங்கே இறங்கினேன். இப்ப அங்கே அஞ்சு மணிக்கு ஏறினேன், ஏழு மணிக்கு மெட்ராஸ்ல இறங்கிட்டேன்."

இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இரண்டு மணி நேரம் வித்தியாசம் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லையோ என்னவோ. அயித்தை கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொண்டார். போவது ஆறு மணி நேரம். வருவது இரண்டு மணி நேரம்.

"அதெப்படி அக்கா?" என்று அப்பா சிரித்தார். "அது கடிகாரக் கோளாறு."

"ரெண்டு ஊருக் கடிகாரமும் ஒண்ணாவா கெட்டுப்போச்சு? வீட்டுக்கு வர்றதுன்னா மாடே வெரசாத்தான் வருது. ஏரோப்பிளேனுக்கு மட்டும் தெரியாதா?"

நான் அப்போது பயிற்சிப் பள்ளி விடுமுறையில் இருந்தேன். பூகோளம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அப்போதுதான் படித்திருந்தேன். அயித்தையின் அடுப்படியில் விளக்கை ஏற்றிவைத்து, ஒரு தேங்காயைப் பூமியாக வைத்துச் சுழற்றிக் காட்டினேன். இது காரைக்குடி, இது கிள்ளான், அங்கே சூரியன் முதலில் உதிக்கிறது, அதனால் அவர்கள் கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது.

"பார்த்துச் சுத்துத்தா. சட்னிக்கு வச்சிருக்கேன், உடைஞ்சிறப் போகுது."

"புரிஞ்சதா அயித்தை? போறதும் நாலு மணி நேரம்தான், வர்றதும் நாலு மணி நேரம்தான்."

அவர் தேங்காயை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அங்க முன்னாடியே விடியுதுன்னா, பசியும் முன்னாடியே எடுக்குமா?"

"எடுக்கும்."

"பாவம். நாம சட்டி வைக்கிறதுக்குள்ள அவனுக்குப் பசிச்சிருது."

என் பாடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். போவது ஆறு, வருவது இரண்டு என்பது மாறவே இல்லை. சொல்லப்போனால் இன்னும் உறுதியாகிவிட்டது. தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் அதையே இழுத்துப் பேசுவார்: "வர்றது ரெண்டே மணி நேரம். சிங்கம்புணரிச் சந்தைக்குப் போறவன்கூட அதைவிட அதிகமா எடுத்துக்கிறான். கடையைப் பூட்டிட்டு வந்து கையை நனைச்சிட்டுப் போயிறலாம். மனசு வேணும்." நான் நாலு மணி நேரம் என்று திருத்தியிருந்தால் அந்தப் பேச்சில் என்ன குறைந்திருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் அப்புறம் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இவருக்கு வேலை கோலாலம்பூரில். மகள் பிறந்தது காரைக்குடியில். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது எங்கள் பயணப் பத்திரங்கள் வந்துசேர்ந்தன. கைக்குழந்தையோடு விமானத்தில் தனியாகப் போகவேண்டும். காது அடைத்துக்கொள்ளுமாம் என்றார்கள். உயரத்தில் பால் திரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். ஒரு வயது நிறையட்டும், அப்புறம் போகலாம் என்றார்கள் வீட்டில். இவர் அங்கே காத்திருந்தார். நான் போகிறேன் என்றும் சொல்லாமல், போகவில்லை என்றும் சொல்லாமல் குழந்தையின் துணிகளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அயித்தை வந்து குழந்தையின் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கா. நீ போறியா இல்லையா, அதைச் சொல்லு."

"என்ன அயித்தை, நீங்களும் அவசரப்படுத்துறீக?"

"போற ஆளு கிடைக்காம இத்தனை வருசமா இருந்தேன். நீ கந்தரப்பம் கொண்டு போவேல்ல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். விமானத்தில் நாலு மணி நேரம்தான் அயித்தை. ஆனால் இங்கிருந்து ராத்திரி முழுக்க ரயில், மறுநாள் மெட்ராஸில் தங்கல், அதற்கடுத்த நாள்தான் விமானம். வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் மூன்றாம் நாள் சாயந்திரம்தான் உங்கள் தம்பி கையில் கிடைக்கும். நூல் விட்டுவிடும்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் மனதை நோகடித்துவிட்டேனோ என்று இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்தப் போனபோதுதான், நான் போகிறேன் என்று என் வாயாலேயே முதல்முதலாகச் சொன்னேன்.

பயண நாள் சாயந்திரம் ரயிலடியில், வழியனுப்ப மெட்ராஸ் வரை வரவிருந்த அப்பாவும் நானும் குழந்தையும் நின்றுகொண்டிருந்தோம். அயித்தை ஒரு மூட்டையோடு வந்தார். மூட்டையில் இரும்புச் சட்டியின் காது வெளியே தெரிந்தது. இன்னொரு கையில் மூடி போட்ட பெரிய தூக்கு.

"என்னக்கா, எங்குட்டு?" என்றார் அப்பா.

"மெட்ராஸுக்கு."

"எதுக்கு?"

"அப்பம் சுட."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"தூரம் வீட்டு வாசல்லேருந்தா ஆரம்பிக்குது? சட்டியிலேருந்து இறக்குறோம் பாரு, அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. சட்டியை அங்குட்டுக் கொண்டு போயிட்டா தீந்துச்சு." மூட்டையை ரயில் பெட்டிக்குள் ஏற்றிவிட்டுச் சொன்னார், "உனக்கு இது எப்படித் தோணாமப் போச்சு டைம்கீப்பரு? உங்க பஸ்ஸு புறப்படுற எடத்துலேருந்துதானே நேரம் போடுற?"

"தூக்குல என்ன?"

"ஊருத் தண்ணி. மெட்ராஸ் தண்ணியில அரைச்சா அது மெட்ராஸ் அப்பம்."

திருச்சியைத் தாண்டி அவர் அதுவரை போனதில்லை. தன் வீட்டுக்காரரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மெட்ராஸில் சைதாப்பேட்டையில் என் சித்தி வீட்டில் தங்கினோம். சித்திக்கு முதலில் கொஞ்சம் முகம் சுருங்கியது. யாரோ ஓர் அம்மாள் வந்து, உன் ஆட்டுக்கல்லைக் கழுவு, எண்ணெய் நல்ல எண்ணெயா காட்டு என்றால் யாருக்குத்தான் சுருங்காது. ஆனால் மறுநாள் விடியற்காலையில் முதல் அப்பம் உப்பி மேலே வந்தபோது, சித்தியே அடுப்புப் பக்கத்தில் தட்டோடு நின்றார். அயித்தை முதல் ஈடு அப்பத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை ஆறவைத்து, இலையில் அடுக்கி, டின்னில் வைத்தார். இந்தத் தடவை மூடியை அடித்து இறுக்கவில்லை. மெல்ல வைத்து அழுத்தினார்.

மீனம்பாக்கத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விமானத்தைப் பார்த்தார். "இம்புட்டுப் பெருசா இருக்கு. அப்புறம் ஏன் பெட்டியை நிறுத்துப் பார்க்குறாக?" என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் குழந்தையின் கன்னத்தை ஒரு முறை அழுத்தினார். "போத்தா. ஆறு மணி நேரமும் டின்னை மடியிலேயே வச்சுக்க. ஆட்ட விடாதே."

மடியில் ஒரு பக்கம் குழந்தை, ஒரு பக்கம் டின். டின்னை மேலே வைக்கட்டுமா என்று விமானப் பணிப்பெண் இரண்டு முறை கேட்டாள். நான் இரண்டு முறையும் தலையை ஆட்டி மறுத்தேன். என் கவலை வேறு. மூன்று மணி நேரத்துக்கொரு தடவை குழந்தைக்குப் பால் கொடுக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எந்த ஊர்க் கடிகாரப்படி? கைக்கடிகாரத்தை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தேன். உடனே பால் நேரம் தாண்டிவிட்டது போல் தெரிந்தது. எழுப்பிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. மறுபடியும் பழையபடி திருப்பி வைத்தேன். தேங்காயைச் சுழற்றிக்கொண்டு அயித்தைக்குப் பாடம் நடத்திய நான், ஆகாயத்தில் கடிகாரத்தை முன்னும் பின்னும் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை காரைக்குடி நேரத்துக்குச் சரியாக அழுதாள். பால் திரியவில்லை. காது அடைக்கவில்லை. வந்துசேர்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் அவள் வயிறு ஊர்க் கணக்கில்தான் இருந்தது.

விமான நிலையத்துக்கு இவரோடு அயித்தையின் தம்பியும் வந்திருந்தார். காது ஓரம் நரைத்திருந்தது. என்னை நலம் விசாரித்துக்கொண்டே இருந்தாரே தவிர, கண் டின்மேல் இருந்தது. கொடுத்தேன். அங்கேயே ஒரு தூணோரமாகப் போய் மூடியைத் திறந்தார். ஓர் அப்பத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்தினார். அது எழும்பி வருகிறதா என்று பார்த்தார். எழும்பி வந்தது.

நின்றபடியே இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்துவிட்டுச் சொன்னார், "உப்பு ஒரு கல்லு போடணும். அக்காவுக்கு எப்பவும் மறந்துரும்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அதையும் தின்றார்.

எல்லாவற்றையும் அயித்தைக்கு எழுதினேன். உப்பையும் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல அப்பா எழுதிப் பதில் வந்தது: "உப்பு போட்டேன். அம்புட்டு உசரத்துல போயிட்டு வந்தா எதுவும் சப்புன்னுதான் இருக்கும். மெத்துன்னு இருந்துச்சில்ல, அது போதும். கிள்ளான் கந்தரப்பத் தூரம்தான்னு டைம்கீப்பரே தன் கையால எழுதியிருக்காரு, பார்த்துக்க."

இதெல்லாம் நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்றதும் அயித்தையிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. தம்பியின் மனைவி இங்கே ஒரு பலகாரம் செய்வார். அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் சீனியும் கலந்து, பச்சையும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக ஆவியில் வேகவைப்பது. அதைப் பற்றி நான் முன்பு எழுதியிருந்தேன். அது அயித்தைக்கு வேண்டுமாம். "வர்றது ரெண்டு மணி நேரம்தானே, கெடாது" என்று சொல்லியிருக்கிறார். தம்பியும் சந்தோஷமாக, செய்து தரச் சொல்கிறேன், நீயே கொண்டு போ என்கிறார்.

காலையில் செய்தால் ராத்திரிக்கே அது பிசுபிசுத்துவிடும். மெட்ராஸில் இறங்கி, ராத்திரி ரயிலைப் பிடித்துக் காரைக்குடிக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். எனக்கே தெரிகிற இந்தக் கணக்கு, தேங்காய் விழுந்த எந்தப் பண்டம் எத்தனை பொழுது தாங்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய அயித்தைக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கேட்டாரா? அவருக்கு வேண்டியது பலகாரமா, அதைச் செய்கிற வீட்டுக்காரர்களா? சில சமயம் நான்தான் இல்லாததை எல்லாம் யோசிக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

இதைப் படிக்கும் சகோதரிகளிடம் இரண்டு விஷயத்தில் யோசனை கேட்கிறேன். தேங்காய்ப்பால் பலகாரம் ஒரு பகலும் ஓர் இரவும் தாங்க ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள். அப்படி இருந்தால் பேச்சு இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். வழி இல்லையென்றால், என்னைவிட வயதில் மூத்தவரான அயித்தையின் தம்பியிடம், கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, மனைவியையும் அந்த ஆவிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு எங்களோடு புறப்படுங்கள், தூரம் சட்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று நான் சொல்லலாமா? சொல்லலாம் என்றால், அதிகப்பிரசங்கி என்று அவர் நினைக்காதபடி எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? டிக்கெட் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.